டிரம்மில் இருந்தது தண்ணீர் அல்ல

போன திங்கட்கிழமை காலை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறியபோது நான் ஒரு விஞ்ஞானி. காலேஜ் லேப் கதவைத் திறந்ததும்... விஞ்ஞானியைக் காணோம்!

என் ஆராய்ச்சியைப் பற்றி உங்களிடம் ஏற்கெனவே பீற்றியிருக்கிறேன். புதியவர்களுக்காகச் சுருக்கமாக: கரண்டைத் திரவத்தில் சேமிக்கும் பேட்டரி. ஒரு டிரம்மில் இரும்பு உப்பு கரைத்த ஆசிட். இன்னொன்றில் குரோமியம் உப்பு கரைத்த ஆசிட். இரண்டையும் ஒன்றோடொன்று கலக்காமல், நடுவில் இருக்கும் செல் வழியாகப் பம்ப் வைத்து ஓட விட்டால் பல்பு எரியும். டிரம் பெரிதானால் அதிக நேரம் எரியும். ஊருக்கே போதுகிற அளவுக்கு டிரம் வைத்தால்? பவர்கட்டுக்கு ஒரு கும்பிடு!

பேரையூர்ப் பக்கம் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கொஞ்சம் பீற்றிக்கொள்ளக் கூடாதா?

அன்று பார்த்தால் ஒரு டிரம்தான் இருக்கிறது. அரை டிரம்மாக இருந்த இரண்டு திரவமும் அதில் ஒன்றாக! ஏற்றி வைத்திருந்த கரண்ட் அத்தனையும் காலி.

இன்னொரு டிரம் எங்கே?

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். லேடீஸ் ஹாஸ்டல் வாசலில் தண்ணீர் லாரி. பக்கத்தில் என் டிரம் — விளிம்பு வரை தண்ணீர். சுற்றிலும் டம்ளரும் கையுமாக மாணவிகள்...

ஓடினேன். இரண்டு கையாலும் தள்ளிச் சாய்த்தேன்.

"ஏ தாயி! என்ன காரியம் செஞ்ச? நாலு நாளைக்கு அப்புறம் வந்த தண்ணி!" கத்தியவர் முத்துப்பேச்சியக்கா. எங்கள் லேப்பைக் கூட்டித் துடைப்பவர்.

"அக்கா, அது ஆசிட் இருந்த டிரம்மு! யாரும் குடிச்சாங்களா?"

"புள்ளைகளுக்கு இன்னும் குடுக்கல. அதுல இருந்ததை மத்த டிரம்முல ஊத்திட்டு, மூணு வாட்டி கழுவித்தான் புடிச்சேன். வாடை கீடை அடிக்குதான்னு நான்தான் ரெண்டு டம்ளர் குடிச்சுப் பாத்தேன்..."

லாரி டிரைவரிடம் ஓடினேன்.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணே!" அதே லாரியில் ஏறிப் போனோம். சாயங்காலம் வரை பார்க்கலாம் என்றார் டாக்டர். பெஞ்சில் காத்திருந்தோம். பயம் கோபமாக மாறியது எனக்கு.

"அபாயம்னு அம்புட்டுப் பெருசா எழுதி ஒட்டியிருந்தேனேக்கா! பாக்கலையா?"

"பாத்தேன் தாயி. இங்கிலீசுல என்னமோ இருந்துச்சு. கம்பெனிப் பேராக்கும்னு நெனச்சேன். நான் அஞ்சாப்பு படிச்சவ. தமிழ்ல இருந்தா எழுத்துக் கூட்டி வாசிச்சிருக்க மாட்டேனா?"



அடுத்த மாதம் வரப்போகும் வெளியூர்ப் பேராசிரியர்கள் மெச்ச வேண்டும் என்று ஸ்கேல் வைத்து எழுதிய இங்கிலீஷ் அது. ஒரு மணி நேரம் வந்து போகிறவர்களுக்காக எழுதினேன். அந்த டிரம்மைத் தினமும் துடைக்கிறவருக்காக எழுதவில்லை. அந்த இடத்தில் என் அம்மா இருந்திருந்தால்? அவளுக்குத் தமிழும் வாசிக்கத் தெரியாதே! ஒரு மண்டையோட்டுப் படமாவது வரைந்தேனா? படித்துவிட்டோம் என்ற நினைப்பு வந்ததும் முதலில் மறந்துபோவது நம் வீட்டு ஆட்களைத்தானோ...

சாயங்காலம் டாக்டர், "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்றார். லேப்பில் கலந்துபோன திரவமும் கெடவில்லையாம், மறுபடி கரண்ட் ஏற்றினால் சரியாகிவிடுமாம். அதைப் பிறகுதான் என் பேராசிரியரிடம் விசாரித்தேன். அப்போது எனக்கு வந்தது அழுகை மட்டுமே.

"அழுவாத தாயி," என்று எழுந்தார் முத்துப்பேச்சியக்கா. "இனிமே எழுதுனா எங்கிட்டக் காட்டிட்டு ஒட்டு. எனக்கு வெளங்குச்சுன்னா எல்லாருக்கும் வெளங்கும்."

நேற்று தமிழில் எழுதிக் காட்டினேன். மண்டையோட்டுப் படமும் 'தொடாதே'யும் போதும் என்று, மீதி மூன்று வரியையும் அடிக்கச் சொல்லிவிட்டார்!