முகர்ந்து பார்த்துக் கழுவியவர்

மாமல்லபுரம் சாலையில் இருந்த எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவ ஒருவர் இருந்தார். திருப்போரூரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒல்லியான உடம்பு, சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். எந்தக் குடுவையையும் முகர்ந்து பார்க்காமல் கழுவமாட்டார்.

பட்டினி போட்டால் ஈஸ்ட் செல் தன் பழைய பாகங்களையே தின்று பிழைத்துக்கொள்ளும். அந்த வேலையைத் தொடங்கிவைக்கும் ஒரு புரதத்தின் மடிப்பை நான் மாற்றியிருந்தேன். மடிப்பு கெட்டால் செல் தன்னைத் தின்ன முடியாமல் சாக வேண்டும். சாகவில்லை. பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டதாகக் குதித்துக்கொண்டிருந்தேன்.

அவர் அந்த ஈஸ்ட் இருந்த குடுவையோடு வந்து நின்றார்.

"பட்டினின்னு எழுதிகீறீங்க மேடம். இது நல்லா துன்ன வாசன அடிக்குது."

சரிபார்த்தேன். பட்டினித் திரவத்துக்குப் பதிலாக ஊட்டம் கலந்த திரவத்தைத்தான் ஊற்றியிருந்தேன்.

"பட்டினி கிடந்தா எப்படி வாசனை வரும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வராது மேடம். அடுப்பு பத்த வெக்காத வூட்டுக்குள்ள பூந்தா எப்டி இருக்கும்? அப்டித்தான்."

யார் வீடு என்று நான் கேட்கவில்லை. அன்று சாயங்காலமும் அவர் வழக்கம்போல, காலியாக வந்த இரண்டு சொகுசு பஸ்களை விட்டுவிட்டு, டிக்கெட் விலை குறைந்த மூன்றாவதில் ஏறினார்.