ஒரே ஒரு தாள்

பல்கேரியாவில் எங்கள் ப்ளெவென் ஊரில், இறந்தவரின் படம் போட்டு அச்சடித்த தாளை நினைவு நாள்தோறும் பத்து இடத்திலாவது ஒட்டுவார்கள். விலைவாசி ஏறிய ஏற்றத்தில், ருசாங்கா தன் கணவன் தோப்ரிக்கு இந்த வருஷம் ஒரே ஒரு தாள்தான் அடித்தாள். ஓய்வூதியம் போதாமல் அடுக்குமாடிகளில் படிக்கட்டு கழுவப் போகிறாள். கண்ணாடி மாற்றுவதைக்கூடத் தள்ளிப்போட்டுவிட்டாள், எல்லாம் நிழலாகத்தான் தெரியும்.

தாளைப் பஸ் ஸ்டாப்பில் ஒட்டும்படி தோப்ரியின் தோழன் வாசிலிடம் கொடுத்திருந்தாள். நினைவு நாளன்று வேலைக்குப் போனவள், வழக்கம்போல வாசற்கதவில் இருந்த தாள்களையெல்லாம் வெந்நீர் ஊற்றிச் சுரண்டினாள். அப்போது வாசில் வந்தான்.

"அடிப்பாவி, உன் புருஷனையா சுரண்டுற?"

"விளையாடாதே. அவரை பஸ் ஸ்டாப்புலதானே ஒட்டின?"

"நீ நாள் முழுக்க இங்கதானே கிடக்குற, போக வரப் பார்த்துக்குவேன்னு விடியக்காலையில இங்க ஒட்டினேன் ருசா."

அவள் வாளிக்குள் கைவிட்டாள். எல்லாம் கூழாகியிருந்தது. கிழியாத ஒரு துண்டு அகப்பட்டது.

"இது அவர் முகமா, பாரு."

வாசில் பார்த்தான். யாரோ ஒரு கிழவியின் முகம்.

"அவன்தான்," என்றான்.

அவள் அதைத் துடைத்து மார்போடு செருகிக்கொண்டு, மிச்சப் படிகளைக் கழுவப் போனாள்.