பின்படியில் ஒரு மச்ச அடுப்பு

எங்கள் வீட்டை விற்க முடியாமல் போனதற்கு நான்தான் காரணம் என்று இந்தத் தொடர்மாடியில் ஒருவரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அது பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களும்தான் காரணம்.

யாழ்ப்பாணத்தில் நல்லூருக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் நான்கு மாடி, மாடிக்கு இரண்டு வீடு. எங்களுடையது மூன்றாம் மாடி. வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கித் தந்தது. "கள்ளர் பயமில்லை அம்மா, வளவு கூட்டிற கரைச்சலும் இல்லை" என்றான். உண்மைதான், என் கணவருக்குப் பாரிசவாதம் வரும் வரைக்கும் ஒரு கரைச்சலும் இருக்கவில்லை. வலது கையும் காலும் விழுந்த பிறகு ஆள் சில்லுக் கதிரையோடு ஆகிவிட்டார். லிப்ட் மாதத்தில் பாதி நாள் வேலை செய்யாது. முன்படி அந்த லிப்டைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும். கட்டியவர் அழகு பார்த்திருக்கிறார். கிளினிக் நாளில் எங்கள் வாசல் காவல் வாச்சரும் சந்தி ஓட்டோக்காரரும் இவரைக் கதிரையோடு தூக்கி, ஒவ்வொரு வளைவிலும் சரித்துச் சரித்து இறக்குவார்கள். இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "முருகா, முருகா" என்பார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் அதட்டிய குரல் அது. பிறகு கிளினிக்கைத் தவிர வேறு எதற்கும் இறங்கமாட்டேன் என்றுவிட்டார். ஆறு வார்த்தைக்கு மேல் கதைப்பதும் நின்று போயிற்று.

அதனால்தான் விற்க நினைத்தோம். சுன்னாகத்துப் பக்கம் படியே இல்லாத ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தேன். கதிரையை உள்ளிருந்து ஒழுங்கை வரை நானே தனியாகத் தள்ளலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எங்கள் வீட்டை வாங்க வந்தவர்கள் பல்கலைக்கழகக் கம்பஸில் படிப்பிக்கும் ஒரு இளம் கணவன் மனைவி. அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. வங்கியின் சட்டத்தரணி வீட்டு உறுதிப் பத்திரத்தைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், கடைசியில் கட்டடத்தின் தீயணைப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார். அப்படி ஒரு கடதாசி இருக்க வேண்டும் என்பதே எங்கள் எட்டு வீட்டுக்காரரில் ஒருவருக்கும் தெரியாது. கட்டி விற்றவருடைய தொலைபேசி எப்போதோ செத்துவிட்டது. அது இல்லாமல் கடன் கிடையாது, கடன் இல்லாமல் விற்பனை கிடையாது. விசாரித்துப் பார்த்ததில், தீயணைப்புக்காரர் வந்து முதலில் பார்ப்பது பின்படியைத்தான் என்றார்கள். நெருப்புப் பிடித்தால் ஆட்கள் இறங்கி ஓட வேண்டிய அவசரப் படி.

எங்கள் பின்படியைப் பற்றி இப்போது சொல்லத்தான் வேண்டும்.

நான் குருநகரில் கடற்தொழில் செய்த வீட்டில் பிறந்தவள். இவர் வலிகாமத்துச் சைவம். கலியாணம் கட்டும்போது என்னை மாறச் சொல்லவில்லை, தேவாலயத்துக்குப் போகாதே என்று சொல்லவில்லை. வீட்டுக்குள் மீனோ இறைச்சியோ, மச்சம் மட்டும் வேண்டாம் என்றார். நியாயமாகப்பட்டது. இருந்த வாடகை வீடுகளில் எல்லாம் பின்னால் வெறும் நிலமாக வளவு இருந்தது, அங்கே ஒரு அடுப்பு மூட்டி எனக்கென்று மீன் சமைத்தேன். தொடர்மாடிக்கு வந்தபோது வளவுக்கு எங்கே போவது? பின்கதவைத் திறந்தால் படித்தளம் விசாலமாக, ஒருவரும் நடமாடாமல் கிடந்தது. ஒரு காஸ் அடுப்பு, ஒரு சிலிண்டர், மச்சச் சட்டிகள் வைக்க ஒரு றாக்கை. முதலாவது பாரை மீன் குழம்பு கொதித்து ஒரு மாதம் ஆகவில்லை, இரண்டாம் மாடியிலும் அடுப்பு வந்தது. அங்கே மாமியார் சைவம். பிறகு நாலாம் மாடி, பிறகு முதலாம் மாடி. படியில் ஆள் ஒருக்களித்துப் போகத்தான் வழி மிஞ்சியது. பிள்ளையார் சுழி போட்டவள் நான்.

அவற்றையெல்லாம் எடுக்கச் சொல்லி வீடு வீடாகப் போனேன். கீழ் வீட்டுப் பிள்ளை சிரித்தபடி, "அன்ரி, நீங்கள் வித்துப்போட்டுப் போயிடுவியள். நாங்கள் எங்கை மீன் காய்ச்சிறது?" என்று கேட்டாள். மேல் வீட்டுக்காரர் "பாப்பம்" என்றார். எங்கள் ஊரில் பாப்பம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர். "நல்லூர்க் கோயில் கொடி ஏறட்டும். இருபத்தைஞ்சு நாளும் ஒருதரும் மச்சம் சமைக்கமாட்டினம். அப்ப வந்து பாக்கச் சொல்லுவம்" என்றார். சொன்னபடியே கொடியேற்றத்துக்கு முதல் நாள் எல்லாரும் சட்டி கழுவி, அடுப்பையும் சிலிண்டரையும் உள்ளே எடுத்து, படியை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவினார்கள். சட்டத்துக்கு மடங்காதவர்கள் முருகனுக்கு மடங்கினார்கள். நானும் என்னுடைய றாக்கையை உள்ளே இழுத்தேன்.

திருவிழாக் கடமைகளுக்கு நடுவிலும் ஒரு தீயணைப்பு அதிகாரி வந்தார். நல்ல மனிதர். நாடா பிடித்துப் படியை அளந்து, அகலம் சரி, இந்தக் கட்டடத்தில் விதிப்படி கட்டியது இது ஒன்றுதான் என்றார். பிறகு சுவரைப் பார்த்தார். சிலிண்டரை ஒளிக்கத் தெரிந்த எங்களுக்குச் சுவர்க் கரி நினைவில் இல்லை.

"இதென்னம்மா, மாடிக்கு மாடி இடுப்பளவிலை கரி?"

தலைவர் தொண்டையைச் செருமினார். நான் உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது.

அதிகாரி சிரித்துவிட்டார். "எங்கடை வீட்டிலையும் மச்சத்துக்கு வெளியடுப்புத்தான். ஆனா எங்களுக்கு வெளி எண்டால் வளவு. உங்களுக்கு இது உயிர் தப்பிற வழியெல்லோ?"

கோபித்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபித்திருப்பேன். அவர் கோபிக்கவில்லை. தானாகச் சாத்திக்கொள்ளும் கதவுகள், தண்ணீர்க் குழாய், அதற்கொரு பம்பி, அபாய மணி என்று ஒரு பக்கம் எழுதித் தந்து, இவ்வளவும் செய்தால் சான்றிதழ் தரலாம் என்றார். சங்கக் கூட்டத்தில் அதை வாசித்தோம். விற்கப் போகிறவள் ஒருத்திக்காக எட்டு வீடும் செலவழிப்பதா என்று ஒருவர் கேட்க, அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று தேத்தண்ணி குடித்துக் கலைந்தார்கள். நெருப்பு எல்லா வீட்டுக்கும் பொதுவானது என்று அப்போது நான் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடமும் அங்கே அடுப்பு எரித்தவளுக்கு அந்த வாய் வரவில்லை.

ஒரு கிழமையில் கம்பஸ் பிள்ளை தொலைபேசி எடுத்தாள். "குறை நினைக்காதேங்கோ அன்ரி, வங்கி ஏலாதெண்டிட்டுது" என்றாள். பாவம், அவளும் அழுவது போலத்தான் கதைத்தாள். சுன்னாகத்து வீட்டுக்காரருக்கு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "சரி" என்றார். அந்தச் சரியைவிட அவர் என்னை நாலு ஏச்சு ஏசியிருக்கலாம்.

தேருக்கு இரண்டு நாள் முன்பு கிளினிக். லிப்ட் வேலை செய்யவில்லை. வாச்சரும் ஓட்டோக்காரரும் வந்தார்கள். இவர் வழக்கம் போலக் கண்ணை மூடிக்கொண்டார். ஓட்டோக்காரர் குசினிக்குள்ளால் பின்கதவை எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்தப் பக்கம் வெறுமையாத்தானே கிடக்கு, இதாலை இறக்குவமே?" என்றார்.

இறக்கினார்கள். நேர்ப் படி. கதிரையை ஒரு இடத்திலும் சரிக்கவில்லை, தளங்களில் தூக்கக்கூட இல்லை, தள்ளினார்கள். இரண்டாம் மாடியில் இவர் கண்ணைத் திறந்தார். முதலாம் மாடியில் கைப்பிடியை விட்டார். கீழே வந்து வெயிலில் நிறுத்தியபோது மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. இவர் திரும்பி அந்தப் படியை மேலே வரைக்கும் பார்த்தார்.

"இஞ்சேரும், இந்தப் படி முந்தியும் இவ்வளவு அகலமாத்தானே இருந்தது?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.