தொழுவ வாசலில் கழட்டின சப்பாத்து

1986ஆம் ஆண்டு மார்கழி மாதம். யாழ்ப்பாணத்தில இருந்து ரொறன்ரோவுக்கு வந்து எங்களுக்கு அதுதான் முதல் பனிக்காலம். ஒஷாவாவுக்குப் பக்கத்தில ஒரு சின்ன ரவுணில வருசாவருசம் நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, ஊர் முழுக்க லைற் போடுவினம் எண்டு என்ர மனிசனுக்கு வேலையிடத்தில ஆரோ சொல்லியிருக்கினம். எனக்கு ஒண்டைக் கேள்விப்பட்டால் நேரில பார்க்கும்வரை இருப்புக்கொள்ளாது. மனிசனை அரிச்செடுத்து, ஒரு சனிக்கிழமை பின்னேரம் பஸ் பிடிச்சுப் போனனாங்கள்.

போய் இறங்கினால், அம்மாடி! கூரை, மரம், வேலி, நாய்க்கூடு, ஒண்டையும் விட்டுவைக்கேல்லை. இவ்வளவு வயரையும் ஆர் ஏறிக் கட்டினது, பனி ஈரத்துக்குக் கறண்ட் அடிக்காதோ எண்டு நான் கேட்டுக்கொண்டே வர, "நீர் பார்க்க வந்தனீரோ, விசாரணைக்கு வந்தனீரோ?" எண்டு மனிசன் நக்கலடிச்சார்.

தேவாலய வளவுக்குள்ள ஒரு மாட்டுத்தொழுவம் போட்டிருந்தினம். வைக்கோல், உயிரோட ரெண்டு செம்மறி, தொட்டிலில பாலன் பொம்மை, ரெண்டு பக்கமும் மாதாவும் சூசையப்பரும். ரெண்டுபேரும் ஆடாமல் அசையாமல் நிக்கினம். சிலையோ ஆளோ எண்டு எனக்கு மட்டுப்பிடிக்க முடியேல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் நித்திரை வரும்.

வாசலில ஒரு பெரிய பெட்டி. எட்டிப் பார்த்தால் உள்ளுக்குச் சப்பாத்து, சோடி சோடியா. எனக்கு உடனை விளங்கிப்போச்சு. எந்தச் சாமியெண்டாலும் சாமிதானே.

சனம் சப்பாத்தோடதான் போகுது எண்டு மனிசன் மறிச்சார். "அவைக்குப் பக்தி காணாது" எண்டு சொல்லிப்போட்டு நான் கழட்டிப் பெட்டிக்குள்ள வைச்சன். பிறகு அவருக்கும் மனம் கேட்கேல்லை. தன்ரையையும் கழட்டி என்ர சோடிக்குப் பக்கத்தில வைச்சார்.

வைக்கோலில நிண்டு கையெடுத்துக் கும்பிட்டன். மாதா தும்மினா. ஆள்தான்! கண்டுபிடிச்ச சந்தோசப் புளுகத்தோட திரும்பினால், பெட்டியைக் காணேல்லை.

எங்களிட்டை இருந்த பனிச்சப்பாத்து அந்த ரெண்டு சோடியும்தான். வைக்கோலை விட்டிறங்கினால் கணுக்கால் மூடுற பனி, காலில சப்பாத்துக்குள்ள போடுற வெறும் மேசு. பஸ் தரிப்பு எங்கையோ கிடக்கு. எனக்கு அழுகை வந்திட்டுது. மனிசன் பஸ் வாற றோட்டையே பார்த்துக்கொண்டு நிண்டார். ஏசியிருந்தாலும் பரவாயில்லை.

இப்ப சூசையப்பர் அசைஞ்சார். என்ன நடந்தது எண்டு கேட்டார். சொன்னதும் தலையில கைவைச்சார். அது, இல்லாத ஆக்களுக்கு உடுப்பும் சப்பாத்தும் சேர்க்கிற பெட்டியாம், இப்பதான் வான் வண்டியில ஏத்தினவையாம். நாங்களும் இல்லாத ஆக்கள்தான் எண்டு அவருக்கு எப்பிடிச் சொல்லுறது? அவர் அங்கியைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, ஒட்டுத்தாடி ஒரு பக்கம் தொங்க, வளவு வாசல் பக்கம் ஓடினார்.

மாதா என்னை வைக்கோல் கட்டில இருத்தி, தன்ர நீலப் போர்வையைக் கழட்டி என்ர கால் ரெண்டையும் சுத்தி, சூடேறும் வரைக்கும் தேய்ச்சுவிட்டா. நான் கூசிப்போய் இழுத்தன். நாங்கள் கும்பிடப் போன ஆளே எங்கட காலைப் பிடிச்சால் ஆருக்குத்தான் மனம் ஒப்பும்? அவ விடேல்லை. ஏன் கழட்டினனீங்கள் எண்டு கேட்டா. கடவுளுக்கு முன்னால நாங்கள் சப்பாத்தோட நிக்கிறேல்லை எண்டு தெரிஞ்ச இங்கிலிசில சொன்னன். அவ தொட்டிலைப் பார்த்தா, பிறகு தன்ர சப்பாத்தைப் பார்த்தா.

சூசையப்பர் மூச்சு வாங்க வாங்க ரெண்டு சோடியையும் கொண்டுவந்தார்.

அடுத்த வருசமும் போனனாங்கள். மாதாவா வேற ஆரோ ஒரு பிள்ளை நிண்டுது. ஆனால் தொழுவ வாசலில புதுசா ஒரு வாங்கு, அதுக்குக் கீழை சப்பாத்து வைக்க ஒரு ரப்பர் விரிப்பு. தானம் சேர்க்கிற பெட்டியைத் தள்ளி மதிலோரம் வைச்சிருந்தினம். மனிசன் என்னைப் பார்த்தார். ரெண்டுபேரும் வாங்கில இருந்து கழட்டினம்.

காணிறது எல்லாத்தையும் தோண்டித் தோண்டிக் கேட்கிற நான், என்ர காலைச் சூடாக்கின அந்தப் பிள்ளையின்ர பேரை மட்டும் கேட்காமல் வந்திட்டன். இண்டைக்கும் கோயில் வாசலில செருப்பைக் கழட்டினால் எனக்கு முதல் ஞாபகம் வாறது அவதான்.