மாமா செய்யாத சத்தியம்

பாடகர் யாராவது இளவயதில் இறந்துபோனால் என் பேரனின் கைப்பேசி ஓய்வதில்லை. போன வாரம் அப்படி ஒரு பையன் போய்விட்டான். முப்பதைக்கூடத் தொடாதவன். மறுநாள் காலை என் காபி ஆறுவதற்குள் அவன் சாவைப் பற்றிப் பதினேழு வீடியோக்கள் வந்திருந்தன. எண்ணிப் பார்த்தேன். பதினேழிலும் "மர்மம்" என்ற சொல் இருந்தது. மனைவி மேல் சந்தேகம், மேலாளர் மேல் சந்தேகம், கூடப் பாடுகிறவன் மேல் சந்தேகம். மாரடைப்பு என்று டாக்டர் சொன்னதை ஒருவர்கூட மதிக்கவில்லை. "ஏதோ இருக்கு தாத்தா" என்றான் பேரன். எரிச்சலாக வந்தது. ஆனால் திட்டவில்லை. ஒன்பது வயதில் நானே ஒரு பாடகரின் சாவில் கொலைகாரனைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அந்தக் கொலைகாரர் எங்கள் வீட்டில்தான், என் பாய்க்குப் பக்கத்துப் பாயில்தான் படுத்துக்கொண்டிருந்தார். என் அம்மாவின் தம்பி.

அப்பாவுக்கு விழுப்புரத்தில் ரயில்வே வேலை. குவார்ட்டர்ஸில் எங்களோடு மாமாவும் இருந்தார். ஆர்மோனியம் வாசிப்பார். அவர் கூட்டாளி ஒருவர் திண்டிவனத்தில் இருந்தார், அவர்தான் பாடகர். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று எங்கே பாட்டுக் கச்சேரி என்றாலும் பாடகர் நடுவில், மாமா இடது பக்கம், தபலாக்காரர் வலது பக்கம். ரேடியோவில் கேட்கிற பாட்டை அதைவிட நன்றாக அவர் பாடுகிறார் என்று திண்டிவனத்துக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். ரேடியோவில் பாடியவர் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, தெரியாது. ஆனால் மாமாவின் கூட்டாளி மேடை ஏறினால் பெண்கள் பந்தியை விட்டு எழுந்து வந்துவிடுவார்கள். இருபத்தாறு வயது, சுருட்டை முடி, வெள்ளை ஜிப்பா. கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் ஒரு அம்மாவும் ஒரு தங்கையும்.

லீவு நாளில் மாமா என்னையும் கச்சேரிக்குக் கூட்டிப்போவார். அங்கே இரண்டு விஷயங்களை நான் பார்த்து வைத்திருந்தேன். கச்சேரிக்கு முன்னால் மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுப்பார். யாரும் பார்க்காதபடி உள்ளங்கையை மூடி அதைப் பாடகரிடம் கொடுப்பார். பாடகர் வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பார். குடித்த தம்ளரை மாமா வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார். சமையல்காரரிடம் வெந்நீர் கேட்டு வாங்கி, தானே அலம்பி, துண்டில் சுற்றிப் பையில் வைப்பார். ஒருநாள் தாகத்தில் நான் அந்தத் தம்ளரை எடுத்துவிட்டேன். மாமா என் கையில் ஓங்கி அடித்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒரு முறைதான்.

திண்டிவனத்தில் ஒரு அரிசி மில்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தலில் அறுபது மடக்கு நாற்காலிகள். அதற்கு மேல் நின்றவர்களை எண்ண முடியவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து கச்சேரி. நான்காவது பாட்டின் நடுவில் பாடகர் இருமினார். மாமா ஆர்மோனியத்தை நீட்டி வாசித்துச் சமாளித்தார். பாடகர் கைக்குட்டையை வாயில் வைத்தார். எடுத்தபோது அது சிவப்பாக இருந்தது. பிறகு ஜிப்பாவும் சிவப்பாயிற்று. மாமா ஆர்மோனியப் பெட்டியைத் தள்ளிவிட்டு அவரை மடியில் தாங்கினார். பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில், மாமாவின் மடியிலேயே உயிர் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் ஒருவன் ரத்தம் கக்கிச் செத்தால் அதற்கு இரண்டு காரணம்தான் சொல்வார்கள். ஒன்று, டி.பி. மற்றது, மருந்து. மருந்து என்றால் டாக்டர் தருவது இல்லை. ஆகாதவன் சோற்றிலோ வெற்றிலையிலோ ரகசியமாகக் கலந்து வைப்பது. அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை மெல்ல உருக்கி, கடைசியில் ரத்தம் கக்க வைக்கும் என்பார்கள். புகழ் பெற்றவன் செத்தால் இரண்டாவதற்குத்தான் ஓட்டு அதிகம்.

"அவ்ளோ நல்லா பாடிக்கினு இருந்த ஆளு திடீர்னு சாவறதாவது? வயித்தெரிச்சல்ல எவனோ வச்சிட்டான்பா" என்றார்கள் டீக்கடையில்.

தபலாக்காரர் அந்த எவனோவுக்கு மாமாவின் பெயரையும் கொடுத்துவிட்டார். "நானே கண்ணால பாத்தேன். கச்சேரிக்கு முன்ன பொட்டலம் குடுப்பாப்ல. வெள்ளையா இருக்கும். இன்னாபான்னு கேட்டா பேச்ச மாத்திடுவாப்ல. இவுருக்கும் பாட்டு வரும் இல்ல? பக்கத்துல குந்திக்கினே எத்தினி நாளு பெட்டி வாசிக்கறது?"

இதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். பொட்டலத்தை நானும் பார்த்தவன். அவர்களுக்குத் தெரியாத தம்ளர் விவகாரமும் எனக்குத் தெரியும். விஷத்தைக் கழுவாமல் வேறு எதைக் கழுவ ஒரு மனிதன் வெந்நீர் கேட்பான்? நான் யாரிடமும் சொல்லவில்லை. என் பாயை மட்டும் சுவர் ஓரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் திண்டிவனம் போனோம். ஒலக்கூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். சொந்தக் கிணறு, சொந்த நிலம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விவசாயம். பாடகரின் தங்கையை அவர் மகனுக்குப் பேசி நிச்சயம் ஆகியிருந்தது. சாப்பாடு முடிந்து கை கழுவிய பிறகு அவர் பேச்சை ஆரம்பித்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. ரத்தம் கக்கிதான் போனாருன்னு ஊரே பேசுது. நோவுன்னா நோவுன்னு சொல்லிடுங்க. டி.பி. இருந்த வூட்டுல பொண்ணு எடுத்துட்டு, நாளைக்கு எங்க வூட்டுல நாலு பேரு இருமிக்கினு கெடக்க முடியாது."

பாடகரின் அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "நோவெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எம் புள்ளைக்கு எவனோ மருந்து வச்சிட்டான்."

"யாரு?"

தபலாக்காரர் மாமாவைப் பார்த்தார். அவர் பார்த்ததும் எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"அப்ப ஒண்ணு பண்ணலாம்" என்றார் ஒலக்கூர்க்காரர். "திருவாமாத்தூர் வட்டப்பாறைக்கு வாங்க. நான் மருந்து வைக்கலன்னு இவுரு கைய வச்சி சத்தியம் பண்ணட்டும். பண்ணிட்டாருன்னா அது நோவுதான். நாங்க ஒதுங்கிக்கறோம். பண்ணலன்னா மருந்துதான். எங்களுக்கு சம்பந்தத்துல ஒரு கொறையும் இல்ல."

திருவாமாத்தூர்க் கோயிலில் இருக்கிற அந்தக் கல்லின் மேல் கை வைத்துப் பொய் சொன்னவன் வீடு போய்ச் சேரமாட்டான். கோர்ட்டுக்குப் பயப்படாதவர்கள்கூட அந்தக் கல்லுக்குப் பயப்படுவார்கள். மாமா "வர்றேங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொல்லிவிட்டார், சத்தியம் செய்யாவிட்டால் இந்த வாசற்படி ஏறக்கூடாது என்று. அம்மா அழுதாள். "வைக்கலன்னா வைக்கலன்னு சொல்லிட்டு வந்துடேன்டா. அதுல இன்னா பேஜாரு ஒனக்கு?"

"சொல்றேன்க்கா" என்றார் மாமா. சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். கொலைகாரனால் எப்படிச் சொல்ல முடியும்?

அடுத்த வெள்ளிக்கிழமை காலை கோயிலில் கூடினோம். பெரியவர்கள் பத்துப் பேர், சிறுவன் நான் ஒருவன். மாமா தலை முழுகிவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். கல்லின் மேல் சூடம் ஏற்றினார்கள். ஒலக்கூர்க்காரர் எதிரில் நின்றார். பாடகரின் அம்மா பக்கவாட்டில். அவளுக்குப் பின்னால் ஒரு தூணை ஒட்டிக்கொண்டு பாடகரின் தங்கை, முந்தானை நுனியைப் பல்லில் கடித்தபடி.

மாமா கையை நீட்டினார். நீட்டியபடியே அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"ம், சொல்லுங்க" என்றார் ஒலக்கூர்க்காரர். "சூடம் அணையப் போவுது. ஜல்தியா சொல்லுங்க."

மாமா கையை இழுத்துக்கொண்டார். "நான் சத்தியம் பண்ண மாட்டேங்க" என்றார்.

சூடம் தானாக அணைந்தது. பாடகரின் அம்மா குனிந்து இரண்டு கை மண்ணை வாரினாள். "எம் புள்ளைய வாரிக்கினு போனியேடா பாவி" என்று தூற்றினாள். மண் மாமாவின் ஈர உடம்பில் ஒட்டிக்கொண்டது. அவர் தட்டிவிடவில்லை. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒலக்கூர்க்காரர் மட்டும் பெரிய பாரம் இறங்கியவர் போல மூச்சு விட்டார். பிராகாரத்தைத் தாண்டுவதற்குள் "அப்ப தை மாசத்துலயே வச்சிக்கலாங்களா?" என்று கேட்டுவிட்டார். வீட்டில் சாவு விழுந்தால் வருஷம் திரும்புவதற்குள் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம்.

அன்றிலிருந்து மாமாவைக் கச்சேரிக்குக் கூப்பிட ஆள் இல்லை. அவர் கை பட்ட வெற்றிலையை யார் வாங்குவார்கள்? மல்லாட்டை மண்டி ஒன்றில் மூட்டை நிறுக்கும் வேலைக்குப் போனார். மண்டிக்குப் பின்னால் ஒரு அறையில் தங்கினார். அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை அங்கே அனுப்புவாள். மாமா எனக்கு முறுக்கு வாங்கித் தருவார். நான் வாங்காமல் நிற்பேன். அவருக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. பிறகெல்லாம் முறுக்கை உடைத்து, ஒரு பாதியைத் தான் முதலில் தின்றுவிட்டு, மறு பாதியைத் தருவார். அப்படியும் நான் அவர் நாலு முறை மென்று விழுங்குகிறாரா என்று எண்ணிவிட்டுத்தான் தின்பேன்.

பாடகருக்கு இருந்தது டி.பி.தான். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். வெளியே தெரிந்தால் தங்கையை யாரும் கட்டமாட்டார்கள் என்று பாடகர் தன் தாயிடமும் மாமாவிடமும் மட்டும் சொல்லியிருக்கிறார். மாத்திரை வாங்கி வந்து கொடுத்தது மாமா. தம்ளரை வெந்நீரில் அலம்பியது எங்களுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று. உண்மையான சத்தியத்தைச் செய்திருந்தால் மாமாவின் பெயர் பிழைத்திருக்கும், அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றிருக்கும். மருந்து வைத்தேன் என்று பொய்ச் சத்தியம் செய்ய அவருக்குக் கல்லிடம் பயம். அதனால் கையை எடுத்துக்கொண்டார். இதையெல்லாம் அம்மா என்னிடம் சொன்னபோது நான் ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருந்தேன். மாமா எழுபதைத் தாண்டி இருந்து, சாதாரணக் காய்ச்சலில் போன பிறகு. அந்தத் தாய்தான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் அவள் தூற்றிய மண்? மாமாவும் அவளும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டதா? "சேச்சே, பேசல. ரெண்டு பேருக்கும் தெரியும், அவ்ளோதான்" என்றாள் அம்மா. இதை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அப்பா வரவில்லை. அம்மாவும் நானும் போனோம். மேளம் உண்டு, பாட்டுக் கச்சேரி இல்லை. தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அண்ணனுக்கு வேட்டி துண்டு கொடுக்கிற முறை வந்தது. மஞ்சள் தடவிய வேட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை நின்றான். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். சித்தப்பா மகன் ஒருவனை யாரோ முன்னால் தள்ளினார்கள். பாடகரின் அம்மா அவனைத் தடுத்து, வேட்டியைத் தானே வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

நாங்கள் கிளம்பும்போது அவள் என்னைத் தனியாகச் சமையல் கட்டுக்குக் கூப்பிட்டாள். வாழையிலையில் மடித்து, ஒரு துணிப்பையில் வைத்துக் கட்டிய பெரிய பொட்டலம்.

"ஒங்க மாமாகிட்ட குடு கண்ணு. அவுரு கையில மட்டும் குடு. வேற யாரும் தொறக்கக் கூடாது."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மகனைக் கொன்றவனுக்கு ஒரு தாய் கல்யாணச் சோறு எதற்கு அனுப்புவாள்? பழி வாங்கத்தான். ரயிலில் அந்தப் பையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டேன். மயிலத்திலும் விக்கிரவாண்டியிலும் ஜன்னல் வழியாக எறிந்துவிடப் பார்த்தேன். அம்மா விடவில்லை.

மறுநாள் மாமாவின் அறைக்குப் போய்க் கொடுத்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். "மாமா, சாப்டாத. அந்தம்மா மருந்து வச்சிருப்பாங்க."

மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. "வச்சிருக்கட்டும்டா" என்றார்.

அவிழ்த்தார். புளிச்சோறு, இரண்டு வடை, ஒரு லட்டு. எல்லாவற்றையும் உட்கார்ந்து நிதானமாகத் தின்றார். இலையில் ஒட்டிய பருக்கையைக்கூட விடவில்லை. இலைக்கு அடியில் அந்த மஞ்சள் தடவிய வேட்டி இருந்தது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அதை எடுத்தார். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். எழுந்து நின்று, இருந்த வேட்டிக்கு மேலேயே அதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து "எப்டிடா இருக்குது?" என்று கேட்டார்.

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன், ரத்தம் வருகிறதா என்று. வரவில்லை. செத்துப்போன மகனுக்குச் சேரவேண்டிய வேட்டியை அவனைக் கொன்றவனுக்கே அனுப்பியிருக்கிறாளே, அந்தம்மாவுக்குத் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.