பதினேழாம் எண்ணுக்கு ஒரு ஹாஜர்

1952 நவம்பர் 15, சனிக்கிழமை, காலை பத்து இருபது. பொடித்தூறல், கடற்காற்று. விழிஞ்ஞத்தில் ஒரு பாறைக்குகையின் வாசலில் ஐந்தாம் ஃபாரம் மாணவர்கள் இருபத்தொன்பது பேர் நின்றோம். கூட எங்கள் வாத்தியாரும், அரிக்கேன் விளக்குடன் வழிகாட்ட வந்த மீன்பிடிக்காரரும். ஆக முப்பத்தொன்று.

நாற்பத்திரண்டு அடி நடந்ததும் குகை இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் போனோம். வௌவால்கள் கிளம்பி முகத்தில் மோத, விளக்கு அணைந்துவிட்டது.

"உச்சைக்கு வெள்ளம் கேறும், சாரே. போகாம்," என்றார் மீன்பிடிக்காரர். நண்பகலில் கடல் உள்ளே ஏறுமாம். வாத்தியார் இருட்டிலேயே வரிசை எண்களைக் கூப்பிட்டு ஹாஜர் எடுத்தார்.

என் எண் பதினெட்டு. பதினேழு என் பெஞ்சுக்காரன், கரமனையில் அடுத்த வீட்டுப் பையன். ஆற்றில் நீந்திக் களித்துவிட்டுப் பள்ளிக்குத் தாமதமாக வருவான். வாத்தியார் தலை நிமிராமல் எண்களைக் கூப்பிடும்போது அவனுக்கும் நானே மெல்லிய குரலில் ஹாஜர் சொல்லிவிடுவேன். அந்த வருஷம் அதுவரை முப்பத்தொரு தடவை.

வெளியே வந்து பஸ்ஸில் ஏறியதும் எண்ணினேன். இருபத்தெட்டு. மறுபடி எண்ணினேன். அதே இருபத்தெட்டு.

"சார், ஒரு ஆள் குறையறது."

"எடே, இருபத்தொம்பதும் ஹாஜராக்கும். பொறவு எப்பிடிடே கொறையும்? ஒனக்குக் கணக்கு கூடிப்போச்சு," என்றார் வாத்தியார். பையன்கள் சிரித்தார்கள். எனக்கே குழப்பம். ஹாஜரில் சரியாக இருப்பது பஸ்ஸில் எப்படிக் குறையும்? வண்டி கிளம்பியபோதுதான் என் பக்கத்து இடம் கண்ணில் பட்டது. இருட்டில் பதினேழுக்குப் பதில் சொன்னது யார்? பழக்கத்தில் என் நாக்குதான்.

"பதினேழு இல்லை, சார்," என்று காலி இடத்தைக் காட்டினேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

வண்டியை நிறுத்தி வாத்தியாரும், வழியனுப்ப நின்ற மீன்பிடிக்காரரும் ஓடினார்கள். இருபத்தாறு நிமிஷம் கழித்து அவனைக் கூட்டிவந்தார்கள். இடப்பக்கப் பிளவில் இடுப்பளவு தண்ணீரில் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றானாம்.

"ஹாஜர் சொல்லீட்டு எதுக்குடே திரும்பப் போனே?" என்று கேட்டு வாத்தியார் குடைக்கம்பால் அவன் உள்ளங்கையில் அடித்தார். ஆறு அடி. அவன் ஒருமுறை என்னைப் பார்த்தான். நான் குனிந்துகொண்டேன். அவன் வாய் திறக்கவில்லை.

நடுங்கியபடி என் பக்கத்தில் உட்கார்ந்துவந்தவன், கரமனைப் பாலம் நெருங்கும்போதுதான் பேசினான்.

"வௌவால் மோதினப்போ இருட்டிலே அந்தப் பக்கம் ஓடிட்டேன். உள்ளேந்து கேட்டுண்டுதான்டா இருந்தேன். பதினேழுன்னார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ளே நீ சொல்லிட்டே. அப்புறம் எவ்வளவோ கத்தினேன். நீங்க எல்லாரும் பேசிண்டே போயிட்டேள்."

என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று அவன் சொல்லவேயில்லை. நட்பா, தன் தாமதங்கள் வெளிப்பட்டுவிடும் என்ற பயமா, எனக்குக் கொடுத்த தண்டனையா? இத்தனை வயதுக்குப் பிறகும் புரியவில்லை. எதிரே இல்லாத ஒருவரைப் பற்றி "அவர் சௌக்கியம்தான்" என்று இன்னொருவர் சொன்னால் மட்டும் இன்றும் மனம் ஒப்புவதில்லை. அவர் குரலையே கேட்க வேண்டும்.

திங்கட்கிழமை அவன் மூன்றாம் பெஞ்சுக்கு மாறிப் போனான். அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு ஆன மொத்தம், வருஷப் பரீட்சை வரைக்கும் எண்பத்தாறு நாள், பக்கத்தில் காலி இடம்.