ஏழாவது கையெழுத்து

ஊரை விட்டு வந்து கொண்டாப்பூரில் இஸ்திரி போடுகிறேன். பக்கத்து அறைக்காரர் இறந்தபோது, உடலை ஊருக்கு அனுப்ப ஆளில்லை. அப்படிச் சாகிறவர்களுக்காக ஒரு சங்கம் பதிய நினைத்தேன். ஏழு பேர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். என்னோடு ஆறு பேர்தான் சேர்ந்தோம்.

"சாவுச் சங்கத்துல பேரு எழுதுனா எமனுக்கு அட்ரஸ் குடுத்த மாதிரிப்பா" என்று சிரித்தபடியே நழுவினார் கொத்தனார்.

டீக்கடை சரோஜா கேட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் போல வெளியூரிலிருந்து வந்தவர் அல்ல; இங்கே சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர்.

"கைக்கு பயம்?" 'எதுக்கு' என்பது இந்த ஊர்ப் பேச்சில் 'கைக்கு'. "நான் போடுறேன்ணா." போட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார். "நான் போனா தூக்க வருவீங்கல்ல?"

"வருவோம்மா."

ஊரை விட்டு வந்தவனுக்குத்தான் ஆளில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் காலையில் அவர் கடை திறந்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் இஸ்திரிப் பெட்டியில் கரி போடுகிறேன்.